நாற்பத்தொன்றாம் நம்பர் டிரைவ்

கேன்டீன் கதவை ஒட்டி ஒரு வெள்ளைப் பலகை மாட்டியிருந்தார்கள். வெள்ளிக்கிழமை மத்தியானச் சாப்பாட்டு மணி அடிப்பதற்குச் சரியாகப் பத்து நிமிஷம் முன்னால் சூப்பர்வைசர் டார்லீன் வந்து அதில் எண்களை எழுதுவாள். எண்கள் என்றால் ஆட்கள். அந்தக் கம்பெனியில் யாருக்கும் பெயர் கிடையாது. அங்கே தயாராவது வீட்டுக் கம்ப்யூட்டரில் சொருகுகிற டிரைவ்; அது ஒவ்வொன்றின் வயிற்றுக்குள்ளும், அதைச் சேர்த்தவளின் நம்பர் அரிசியளவு காகிதத்தில் ஒட்டியிருக்கும். வாடிக்கையாளர் 'ஓடவில்லை' என்று திருப்பி அனுப்பினால், பிரித்துப் பார்த்து, அந்த நம்பரைப் பலகையில் ஏற்றுவார்கள். வாரத்தில் ஐந்துக்கு மேல் போனால் சிவப்பு மை. மூன்று வாரம் தொடர்ந்து சிவப்பு என்றால் நாலாவது வாரம் வரத் தேவையில்லை.

மார்ச் பதினைந்தாம் தேதி, வெள்ளிக்கிழமை, நாற்பத்தொன்றுக்கு எதிரே டார்லீன் சிவப்பில் பதினொன்று என்று எழுதினாள். போன வாரம் ஒன்பது.

வரிசையில் தட்டோடு நின்ற பெண்கள் எல்லாரும் ஒருசேரத் திரும்பிப் பார்த்தார்கள். நாற்பத்தொன்று ரூஃபினா. டிரைவுக்குள் தட்டில் பதிந்ததை வாசிக்கிற, கடுகைவிடச் சின்னதான முனையை மைக்ராஸ்கோப்பின் கீழ் ஊசியால் எடுத்து, கம்பி மேல் வைத்து, ஒரு பொட்டுப் பசையில் ஒட்டுகிற வேலையில் அவளை மிஞ்ச இரண்டாம் லைனில் ஆளில்லை. அதை அவளே நாளைக்கு நாலு தரம் சொல்லிக்கொள்வாள் என்பதுதான் மற்றவர்களுக்கு எரிச்சல்.

"என்ன ரூஃபினா, கண்ணாடி மாத்தணும் போலிருக்கே?" என்றாள் அதே லைனிலிருக்கும் ஜோஸி.

"உன் மூஞ்சியப் பாத்துப் பாத்துத்தான் கண்ணு அவிஞ்சு போச்சு. நகருடி!"

சொல்லிவிட்டாளே தவிர, தட்டில் ஊற்றிய சூப்பு அப்படியே ஆறியது. கிழக்கேயிருந்து காற்று திரும்பி, ஊர் எல்லையிலிருக்கும் மாட்டுப்பட்டிகளின் நாற்றம் கேன்டீன் வரைக்கும் வந்துகொண்டிருந்தது. கிரீலி ஊரில் அந்த நாற்றம் இப்படி உள்ளே வந்து உட்கார்ந்தால் பனி கொட்டப்போகிறது என்று அர்த்தம்.

வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் காரில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த தங்கையை வறுத்தெடுத்தாள். தங்கை ஓர்லிந்தாவும் அதே கம்பெனிதான். லைனின் கடைசியில் சோதனை மேஜை. வருகிற டிரைவ் ஒவ்வொன்றிலும், தகவல் பதிகிற தட்டு அடங்கிய ஒரு கார்ட்ரிட்ஜைச் சொருகி, பச்சை விளக்கு எரிகிறதா என்று பார்த்து, உருவி, அடுத்ததைப் பார்க்கிற வேலை. அந்த வேலையை டார்லீனின் காலைப் பிடித்து வாங்கிக்கொடுத்தவள் ரூஃபினா.

"மேஜையில உக்காந்து தூங்குறியாடி நீ? இருபது பெட்டி திரும்பி வந்திருக்கு. அத்தனைக்கும் நீதானே பச்சை விளக்கு காட்டி அனுப்பிச்ச?"

"எல்லாமே நல்லாத்தான் எரிஞ்சுதுக்கா. நீ சொன்ன மாதிரி உன்னோடத மட்டும் ரெண்டு தடவ பாத்துத்தான் அனுப்புறேன்."

"ரெண்டு தடவ பாத்தா! பாக்குறதுக்குக் கண்ணு வேணும், புத்தி வேணும். மரக்கட்டைக் கைய வெச்சுக்கிட்டு என்னத்தப் பாத்தியோ."

ஓர்லிந்தாவின் வலது கை கொஞ்சம் தாமதம்தான். ப்வெப்லோவில் அவளோடு வாழ்ந்த நெஸ்டர் அந்த மணிக்கட்டை இரண்டு தரம் உடைத்திருந்தான். இரண்டாம் தரம் சரியாக ஒட்டவில்லை. அவனை விட்டு வந்து இரண்டு வருஷமாக அக்காள் வீட்டில்தான் இருக்கிறாள். இது ரூஃபினாவுக்குத் தெரியாததல்ல. தெரிந்துதான் சொன்னாள். ஓர்லிந்தா கையை மேல்கோட்டுப் பைக்குள் விட்டுக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

வீட்டில் ரூஃபினாவின் புருஷன் எலிசியோ சமையலறை மேஜையைப் பிடித்தபடி நின்றுகொண்டிருந்தான். உட்கார்ந்தால் எழுவது கஷ்டம், எழுந்தால் உட்காருவது கஷ்டம். சர்க்கரை ஆலையில் பீட்ரூட் கிழங்கு ஏற்றுகிற பட்டையிலிருந்து விழுந்து இடுப்பெலும்பு நொறுங்கியவன். அடுத்த வருஷமே ஆலையை மூடிவிட்டார்கள். ஏப்ரல் ஒன்பதாம் தேதி டென்வரில் இடுப்பை மாற்றிவைக்க நாள் குறித்திருந்தது. செலவெல்லாம் ரூஃபினாவின் கம்பெனி இன்ஷூரன்ஸ் அட்டையில். அட்டை உயிரோடு இருப்பது அவள் வேலையில் இருக்கிறவரைக்கும்தான். வேலை போன அன்றே அட்டையும் வெறும் காகிதம்.

"பலகையில என்ன?" என்று கேட்டான்.

"பதினொண்ணு."

அவன் பானையில் இருந்த பீன்ஸைக் கரண்டியால் கிளறினான். ஈஸ்டருக்கு முந்தின நோன்புக் காலம், வெள்ளிக்கிழமை, கறி கிடையாது. ஓர்லிந்தா கையைக் கழுவிக்கொண்டு மாவைப் பிசைந்து, ரொட்டி தட்டி, இரும்புக் கல்லில் போட்டுப் போட்டு எடுத்தாள். மிளகாய்க் குழம்பு கொதித்தது.

"அடுத்த வெள்ளியும் சிவப்புன்னா?"

"என்னை என்ன கேக்குற? வீட்டுக்குத்தான்."

"இருபத்தஞ்சு நாளு ரூஃபினா. இருபத்தஞ்சே நாளு பல்லக் கடிச்சிக்கிட்டு இருக்க முடியாதா உன்னால?"

"நான் என்ன வேணும்னா பண்றேன்? என் கையில தப்பில்ல. இருபது வருஷமா பீட்ரூட்டு வயல்ல குனிஞ்சு குனிஞ்சு களை வெட்டின கை இது. ஒரு செடி தப்பினதில்ல. இப்ப மட்டும் எப்படித் தப்பும்?"

"அக்கா கையில தப்பே இருக்காது மாமா," என்றாள் ஓர்லிந்தா அடுப்புப் பக்கமிருந்து.

"உன்ன யாரு கேட்டா? ரொட்டி கருகுது பாரு!"

எலிசியோ உட்காருவதற்கு ஓர்லிந்தாதான் தோள் கொடுத்தாள். இரண்டு வருஷமாக அவளுக்கு அது பழக்கம். அவனுடைய கைக்குக் கீழே தோளைக் கொடுத்து, ஒரு மூச்சு எண்ணி, மெல்ல இறக்குவாள். ரூஃபினா செய்தால் அவன் கத்துவான்.

செவ்வாய்க்கிழமை காலையில் ரூஃபினா டார்லீனின் கண்ணாடி அறைக்கு நேரே போய் நின்றாள்.

"திரும்பி வந்த என் பெட்டி ஒண்ணை நான் பாக்கணும்."

"எதுக்கு? அழுறதுக்கா?" டார்லீன் தலை நிமிரவில்லை. "இங்க பாரு நாப்பத்தொண்ணு, எனக்கும் உன்ன அனுப்பணும்னு ஆசையில்ல. ஆனா பலகைக்குக் கண்ணு கிடையாது."

"ஒரே ஒரு பெட்டி. என் சாப்பாட்டு நேரத்துல பாத்துக்கிறேன்."

டார்லீன் திரும்பி வந்தவை அடுக்கியிருந்த அலமாரியைக் காட்டினாள். ரூஃபினா சாப்பிடவில்லை. தொப்பி, நீல மேலங்கி, துணிச் செருப்பு எல்லாம் போட்டுக்கொண்டு காலியான லைனில் உட்கார்ந்து மைக்ராஸ்கோப்பைத் திருகினாள். முதல் பெட்டி. பசை அவள் வைத்த மாதிரியே இருந்தது, வட்டமாக, ஒழுகாமல். முனை உதிரவில்லை. ஆனால் முனையைத் தாங்குகிற கம்பி, மயிரிழை அளவுக்குப் பக்கவாட்டில் வளைந்திருந்தது. இரண்டாவது பெட்டி, அதே வளைவு. மூன்றாவதிலும். ஒட்டும்போது கை நடுங்கினால் இப்படி வளையாது. சுழல்கிற எதிலோ மாட்டி இழுபட்டால்தான் இப்படி வளையும்.

அடடா, என் கை இல்லை! அந்த நிமிஷம் அவளுக்கு வந்த சந்தோஷத்தை என்னவென்று சொல்ல. தனியாக உட்கார்ந்து சத்தமாகச் சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றது. டிரைவுக்குள் சுழல்கிற பொருள் கார்ட்ரிட்ஜுக்குள் இருக்கும் தட்டு ஒன்றுதான். கம்பெனியை விட்டுப் போகுமுன் அவள் லைனின் எல்லா டிரைவும் கார்ட்ரிட்ஜைப் பார்ப்பது ஓர்லிந்தாவின் மேஜையில். ஆனால் அந்த மேஜைக்கு ஆறு பேருடைய பெட்டிகள் வருகின்றன. மற்ற ஐந்து பேரும் பலகையில் கறுப்பு மையில் சௌக்கியமாக இருக்கிறார்கள்.

புதன்கிழமை மத்தியானம் பனி விட்டுவிட்டுத் தூறிக்கொண்டிருந்தது. ஓர்லிந்தாவைக் கேன்டீனுக்குப் போகவிடாமல் காருக்கு இழுத்து வந்தாள். கண்ணாடிகளில் ஆவி படிந்தது. ஓர்லிந்தா மடியில் துணியை விரித்து, பீன்ஸ் வைத்துச் சுருட்டிய ரொட்டிகளை எடுத்து வைத்தாள்.

"என் பெட்டிய ரெண்டு தடவ பாக்குறேன்னு சொன்னியே, எப்படிப் பாக்குற?"

"ஏங்க்கா?"

"கேட்டதுக்குப் பதில் சொல்லு."

"மொதல்ல எல்லாருக்கும் போடுற கார்ட்ரிட்ஜு. பச்சை எரியும். அப்புறம் உன்னோடதுக்கு மட்டும் இன்னொண்ணு." ஓர்லிந்தாவின் முகத்தில் பெருமை வந்துவிட்டது. யாராவது கேட்கமாட்டார்களா என்று இரண்டு மாதமாகக் காத்திருந்தவள்போல மேலங்கிப் பையிலிருந்து ஒரு கார்ட்ரிட்ஜை எடுத்தாள். "இதுதான். பின்வாசல்ல கழிவுத் தொட்டி இருக்கில்ல, அதுல கெடந்துது. யாரோ வாங்கினவன் கெட்டுப்போச்சுன்னு பெட்டியோட சேத்துத் திருப்பி அனுப்பிச்சது."

"கெட்டுப்போனதையா போட்டுப் பாக்குற?"

"ஆமாக்கா. நல்லதப் போட்டா எந்தப் பெட்டியும்தான் படிக்கும், அதுல என்ன இருக்கு? கெட்டதையே படிச்சிருச்சுன்னா அப்புறம் உலகத்துல இருக்கிற எதையும் படிக்கும் இல்ல? நீதானே ஜனவரியில சொன்ன, என் பெட்டி பேரு கெடக்கூடாது, கடுமையாப் பாருன்னு. மத்தவங்களோடது இதுல போட்டா தோத்துரும்னு போடுறதில்ல. உன்னோடது ஒண்ணுகூடத் தோக்கலைக்கா!"

ரூஃபினா கார்ட்ரிட்ஜை வாங்கி அதன் தகரக் கதவை நகத்தால் தள்ளினாள். உள்ளே தட்டின் ஓரம் கிழிந்து, சின்னப் பிசிறு ஒன்று நீட்டிக்கொண்டிருந்தது. அதில் விரலை வைத்தாள். கருவேல முள்ளின் நுனி மாதிரி குத்தியது. ஒவ்வொரு தரம் சுழலும்போதும் இது அவள் ஒட்டிய முனையைத் தட்டியிருக்கிறது. அன்றைக்குப் பச்சை எரியும். வாங்கினவன் வீட்டில் பத்து நாள் ஓடும். வளைந்த முனை அவனுடைய தட்டையும் கிழிக்கும். அவன் அந்தத் தட்டைச் சிநேகிதன் வீட்டு டிரைவில் போட்டுப் பார்ப்பான். அதுவும் போகும்.

"எத்தனை போட்டிருப்ப?"

"உன்னோடது எல்லாத்தையும்தான். ஜனவரியிலேர்ந்து." அக்காளின் முகத்தைப் பார்த்து அவளுக்கு இப்போதுதான் பயம் வந்தது. "ஏங்க்கா? என்னாச்சு?"

ரூஃபினா பிசிறைக் காட்டினாள். விளக்கிச் சொன்னாள். நிதானமாக, குழந்தைக்குச் சொல்வதுபோலச் சொன்னாள். ஓர்லிந்தா வாயைப் பொத்திக்கொண்டாள். மடியிலிருந்த ரொட்டி உருண்டு காலடியில் விழுந்தது.

"ஐயோ அக்கா, நான் நல்லதுன்னு நெனச்சுத்தான்... சத்தியமா... இப்பவே தூக்கிப் போட்டுடறேன். இனிமே தொடமாட்டேன்."

"இனிமே தொடாட்டி? ஜனவரியிலேர்ந்து வெளிய போன பெட்டியெல்லாம் கடையில வித்து இப்பத்தான் திரும்ப ஆரம்பிச்சிருக்கு, வரிசையா வந்துக்கிட்டேதான் இருக்கும். வெள்ளிக்கிழமை சிவப்பு நிச்சயம்."

"டார்லீன்கிட்டச் சொல்லிடாத அக்கா. தொட்டியிலேர்ந்து எது எடுத்தாலும் திருட்டுக் கணக்குன்னு அன்னிக்கு மார்த்தாவ அனுப்பிச்சாங்களே. என்ன அனுப்பிட்டா நான் எங்க போவேன்? ப்வெப்லோ தவிர எனக்கு எங்க போக்கு இருக்கு?"

ரூஃபினா கொஞ்ச நேரம் கண்ணாடியில் வழிகிற பனித்தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மனசு ஒரு பக்கம் துடித்தது, பொய் சொல்வானேன். அம்மா செத்தபோது ஓர்லிந்தாவுக்கு ஆறு வயது. பீட்ரூட்டு வரப்பில் சாக்கு விரித்து உட்காரவைத்துவிட்டு இவள் களை வெட்டினாள். ஆனால் மனசின் மறுபக்கத்தில் எலிசியோ மேஜையைப் பிடித்துக்கொண்டு நின்றான். ஏப்ரல் ஒன்பது நின்றது. அதோடு, நாற்பத்தொன்று சிவப்பில் எழுதப்பட்டபோது ஜோஸி அடித்த கிண்டலும் நின்றது. அதை ஏன் மறைக்கவேண்டும், அதுவும் ஒரு காரணம்தான்.

"சரி. போய் வேலையப் பாரு," என்றாள்.

"சொல்லமாட்டல்ல?"

"போடி, மணியடிக்குது."

ஓர்லிந்தா கார்ட்ரிட்ஜை ஜன்னல் வழியாகப் பனியில் எறியப் போனாள். ரூஃபினா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"இங்க போட்டா யாராவது பாப்பாங்க. பையிலயே வெச்சிரு. சாயங்காலம் நான் பாத்துக்கறேன்."

ஓர்லிந்தா சொன்னபடி மேலங்கிப் பையில் போட்டுக்கொண்டாள். அக்காள் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று பழகின பிறவி. அவள் சோதனை மேஜைக்குப் போய் உட்காருவதற்கு முன்னால் ரூஃபினா டார்லீனின் கண்ணாடி அறைக்குள் இருந்தாள்.

பத்து நிமிஷத்தில் டார்லீன் இரண்டு இன்ஜினியர்களோடு லைனுக்கு வந்தாள். பெல்ட்டை நிறுத்தச் சொன்னாள். பெல்ட் நின்றால் அந்தக் கூடத்தில் ஒரு ஊசி விழுந்தாலும் கேட்கும்.

"பையில என்ன இருக்கு, எடு."

ஓர்லிந்தா எடுத்து மேஜைமேல் வைத்தாள். அவளுடைய தாமதக் கைக்கு அது நெடுநேரம் பிடித்தது.

"கழிவுத் தொட்டியிலேர்ந்து எடுத்ததா?"

"ஆமாம்மா. பெட்டியக் கடுமையாப் பாக்கலாம்னு..."

"யாரு பாக்கச் சொன்னா? மேஜைல ஒட்டியிருக்கிற தாள்ல ஒரே ஒரு சோதனைதான் எழுதியிருக்கு. ரெண்டாவது சோதனைய உனக்கு யாரு சொல்லிக் குடுத்தா?"

ஓர்லிந்தா திரும்பி அக்காளைப் பார்த்தாள். லைனில் இருந்த ஐந்து பேரும் பார்த்தார்கள். டார்லீனும் பார்த்தாள்.

"அக்காதான் ரெண்டு தடவ பாக்கச்..."

"நானா?" என்றாள் ரூஃபினா. "என் பெட்டிய நானே கெடுக்கச் சொல்வேனா? எனக்கென்ன பைத்தியமா?"

ஜோஸிதான் முதலில் சிரித்தாள். அப்புறம் இரண்டு பேர். நியாயம்தானே, எவளாவது தன் தலையில் தானே மண்ணள்ளிப் போட்டுக்கொள்வாளா? 

ஓர்லிந்தாவை மேலங்கியைக் கழற்று என்றார்கள், கழற்றினாள். தொப்பியைக் கொடு என்றார்கள், கொடுத்தாள். கம்பெனி துணிச் செருப்பையும் அங்கேயே கழற்றவைத்து, காலுறையோடு கேன்டீன் வழியாக நடத்திக் கூட்டிக்கொண்டு போனார்கள். அவளுடைய சொந்தச் செருப்பு முன்வாசல் பெட்டியில் இருந்தது. இன்ஜினியர்களில் ஒருவன் கார்ட்ரிட்ஜை இரண்டு விரலால் தூக்கி ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டான். கிழிந்த தட்டு ஒன்று எத்தனை டிரைவைக் கெடுக்கும் என்று ரூஃபினா டார்லீனிடம் சொன்னதை அவன் மறுபடி சொல்லச் சொல்லிக் கேட்டான். கேட்கக் கேட்க அவன் முகம் வெளுத்தது. பிறகு டார்லீன் ஒரு தாளைக் கொண்டுவந்து நீட்டினாள். நடந்தது ஒரு வேலைக்காரியின் விஷமம், பெட்டியில் குறையில்லை, இதைப் பற்றி வெளியே பேசமாட்டேன் என்று எழுதியிருந்தது. ரூஃபினா கையெழுத்துப் போட்டாள். பலகையில் அவள் நம்பருக்கு எதிரே இருந்ததை டார்லீன் தன் சட்டைக்கையாலேயே துடைத்துவிட்டாள்.

இரண்டு மணிக்கு வெளியே அனுப்பப்பட்டவள் எங்கே போவாள்? கார்ச் சாவி அக்காளிடம் இருந்தது. பெரிய ஜன்னல் வழியாகப் பார்த்தால் கார் நிற்கும் இடம் தெரியும். காருக்குப் பக்கத்தில், வலது கையை இடது அக்குளுக்குள் வைத்துக்கொண்டு, ஓர்லிந்தா நாலரை மணிவரைக்கும் நின்றாள். பனி சீராகக் கொட்ட ஆரம்பித்திருந்தது. யாராவது சாவியைக் கொண்டுபோய்க் கொடுங்களேன் என்று ஜோஸிகூடச் சொன்னாள். "மைக்ராஸ்கோப்ப விட்டு எந்திரிச்சா நேரம் போகும்," என்றாள் ரூஃபினா. அன்றைக்கு எழுபது முனை ஒட்டினாள். ஒன்றுகூடக் கோணவில்லை.

வீட்டுக்குள் நுழைந்ததும் எலிசியோ பலகையைப் பற்றித்தான் கேட்டான்.

"துடைச்சாச்சு. என் கையில தப்பில்லன்னு ஆயிருச்சு. வேலை போகாது."

அவன் கண்ணை மூடி மாதாவின் பெயரைச் சொன்னான். நாற்காலி முதுகைப் பிடித்திருந்த விரல்கள் தளர்ந்தன. "அப்ப யாரு தப்பு?"

"இவதான். தொட்டியிலேர்ந்து கம்பெனி சாமானத் திருடியிருக்கா. கையும் களவுமாப் புடிச்சி வெளிய அனுப்பிட்டாங்க."

எலிசியோ கொழுந்தியாளைத் திரும்பிப் பார்த்தான். அவள் தலைமுடியில் பனி உருகிச் சொட்டிக்கொண்டிருந்தது.

"நெஜமா?"

ஓர்லிந்தா அவனைப் பார்க்கவில்லை. அக்காளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு வார்த்தை, திருட்டில்லை, முட்டாள்தனம் என்று ஒரே ஒரு வார்த்தை போதும். ரூஃபினா அடுப்பைப் பற்றவைத்தாள். காலையில் மிச்சமிருந்த குழம்பை ஏற்றினாள். அது சூடாகிறவரைக்கும் அடுப்பைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"என்னோட இடுப்ப வெச்சு வெளையாடிருக்க நீ," என்றான் எலிசியோ. "ரெண்டு வருஷமா என் சோத்தத் தின்னுட்டு. திருடி! நெஸ்டர் உன் கைய ஒடச்சது ஒண்ணும் சும்மா இல்லன்னு இப்பத்தானே தெரியுது."

அதைக் கேட்டதும் ரூஃபினா கரண்டியை வைத்தாள். எடுத்தாள். குழம்பைத் தட்டில் ஊற்றி அவன் முன்னால் வைத்தாள்.

"ஆறு மணிக்கு டென்வர் பஸ்ஸு," என்றாள் யாரையும் பார்க்காமல். "அங்கேர்ந்து ப்வெப்லோவுக்கு ராத்திரியே வண்டி இருக்கு."

"ஏப்ரல் ஒம்போது வரைக்கும் கீழ் அறையில இருந்துக்கறேனேக்கா. வாயத் தொறக்கமாட்டேன். மாமாவ ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போக, தூக்கி வைக்க ஆளு வேணாமா?"

"நீ இங்க இருந்தா எவளாவது வந்து உன்கிட்ட வாயக் கிண்டுவா. டார்லீன் காதுக்குப் போகும். வேணாம்."

அதுதான் விஷயம். ஓர்லிந்தாவுக்குப் புரிந்தது. கீழே போய்ப் பத்து நிமிஷத்தில் வந்துவிட்டாள். இரண்டு வருஷம் இருந்த வீட்டிலிருந்து ஒரு பையில் அடங்குகிற அளவுக்குத்தான் அவளுக்குச் சொந்தம். எலிசியோ சாப்பிட உட்காரத் தடுமாறிக்கொண்டிருந்தான். அவள் பழக்கதோஷத்தில் பையைக் கீழே வைத்துவிட்டுத் தோளைக் கொடுக்க நெருங்கினாள். அவன் விலகிக்கொண்டு தானே உட்காரப் பார்த்து, வலியில் ஊளையிட்டு நாற்காலியில் விழுந்தான்.

"தொடாத!" என்றான்.

கதவருகே போனபின் ஓர்லிந்தா திரும்பினாள். அவள் அழவில்லை. மேஜையில் மிச்சம் வைத்துவிட்டுப் போகிற வேலையைப் பற்றி அடுத்தவளிடம் சொல்லுகிற குரல்.

"அக்கா, ஒண்ணு சொல்லிட்டுப் போறேன். அந்தக் கிழிஞ்ச கார்ட்ரிட்ஜுல மத்தவங்க பெட்டிய ஒரு நாள் போட்டுப் பாத்தேன். மூணு பெட்டி போட்டேன், மூணுமே அங்கேயே செத்துருச்சு, பச்சையே எரியல. உன்னோடது மட்டுந்தான் அத்தனை அடியும் வாங்கிக்கிட்டுப் பத்து நாள் ஓடியிருக்கு. உன் கை மாதிரி கை அங்க யாருக்கும் கெடையாதுக்கா."

ரூஃபினா மேஜையைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"வீட்டுச் சாவிய வெச்சிட்டுப் போ," என்றாள்.

ஓர்லிந்தா பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, இடது கையால் சாவியைத் தேடி எடுத்து, எலிசியோவின் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள். கதவைச் சத்தமில்லாமல் சாத்திக்கொண்டு போனாள். பனியில் அவள் தெருமுனை திரும்புகிறவரைக்கும் ரூஃபினா ஜன்னலில் நின்றாள். அப்புறம் சாவியை எடுத்துக்கொண்டுபோய், அது தங்கள் வீட்டுச் சாவிதானா என்று பூட்டில் போட்டுத் திருப்பிப் பார்த்தாள்.